கார் பெயின்டில் மரப்பிசின்: முதலில் தண்ணீர், மற்றதெல்லாம் அப்புறம்

சென்னையில் கார் ஓட்டுவது ஒரு வேலை என்றால், அதற்கு நிழல் தேடுவது இன்னொரு வேலை. அண்ணாநகர் உள்தெருவிலோ அடையாறு காந்தி நகரிலோ மதிய நேரத்தில் ஒரு மரத்தடி காலியாகக் கிடந்தால் யாரும் யோசிப்பதில்லை, வண்டியைச் சொருகிவிட்டுப் போய்விடுகிறோம். சாயங்காலம் வந்து பார்த்தால் பானெட்டிலும் ரூஃபிலும் பொட்டுப் பொட்டாகப் பிசுபிசுப்பு. வைப்பரைப் போட்டால் கண்ணாடி தெளிவாவதற்குப் பதில் இழுவிக்கொள்கிறது; எதிரே வரும் ஹெட்லைட்டெல்லாம் பூப்பூவாகத் தெரிகிறது.

இதற்கு வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆக்டிங் டிரைவர் மண்ணெண்ணெய் என்பார், பட்டறையில் தின்னர் என்பார்கள், வெளிநாட்டு வீடியோக்கள் எடுத்த எடுப்பிலேயே ஸ்பிரிட்டில் ஆரம்பிக்கும். அந்த வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் பைன் மரப் பிசின். அது தண்ணீரில் கரையாது, அதனால் அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. நம் தெருக்களில் பைன் மரம் கிடையாது. இங்கே கார் மேல் விழுவதில் பெரும்பகுதி, பொறுமையாக ஊறவைத்தால் வெறும் தண்ணீருக்கே இளகிவிடும். தண்ணீருக்கு மசியாததற்கு எண்ணெய், அதற்கும் மசியாததற்கு ஸ்பிரிட் என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். கடைசிப் படியில் தொடங்குகிறவர்கள்தான் பிசினோடு சேர்த்து பெயின்டின் பளபளப்பையும் துடைத்தெடுக்கிறார்கள்.

விழுந்தது என்ன என்று பாருங்கள்

மரத்தடியில் ஒட்டுவதையெல்லாம் நாம் பிசின் என்கிறோம். உண்மையில் அது மூன்று வகை, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகை, மரம் சுரப்பதே இல்லை. இலையிலும் பூங்கொத்திலும் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி போன்றவை, தமக்கு வேண்டியதுபோக மிச்சச் சர்க்கரையைத் துளித்துளியாகக் கழித்துத் தள்ளுகின்றன. தேன்கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் மாமரம் பூக்கும் நேரத்தில் இது உச்சத்துக்குப் போகும். பூத்த மாமரத்தின் கீழே நின்று ஒரு கிளையை லேசாக உலுக்கினால் சின்னச் சின்னதாகக் குதித்துச் சிதறுமே, அதுதான் மாந்தத்துப்பூச்சி. மரத்தடியிலுள்ள செடிகளின் இலையெல்லாம் வார்னிஷ் அடித்ததுபோல் மின்னினால் சந்தேகமே வேண்டாம். கார் மேலும் அப்படித்தான்: குண்டூசித் தலை அளவில், ஒரே சீராகத் தெளித்ததுபோல் புள்ளிகள். எறும்பு வரும். வாரக்கணக்கில் விட்டால் அந்தச் சர்க்கரையில் கரும்பூசணம் வளர்ந்து, வெள்ளைக் காரில் மசி தெளித்தது மாதிரி ஆகிவிடும். தூங்குமூஞ்சி மரத்தின் காய்களையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். கோடையில் உதிரும் அந்தக் கறுப்புக் காய்களுக்குள் இனிப்பான, ஒட்டும் சதை இருக்கும். மாடுகள் விரும்பித் தின்பது அதனால்தான். இவையெல்லாம் சர்க்கரை. தண்ணீர் போதும்.

இரண்டாவது, நிஜப் பிசின். வேம்பு, முருங்கை இரண்டும் இதில் பேர்போனவை. தேன் நிறத்திலோ செம்பழுப்பிலோ கண்ணாடி மணிபோல் உருண்டு நிற்கும். சும்மா இருக்கும் மரத்திலிருந்து அவ்வளவாக விழாது. மின்கம்பியில் உரசுகிறது என்று கிளையை வெட்டிவிட்டுப் போன பிறகு, வெட்டுவாயிலிருந்து வடியும். காய்ந்தால் கல்லாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பாத்திரம் நிறைய ஊதி நிற்கிறதல்லவா, அதே குணம் இதற்கும் உண்டு. தண்ணீர் பட்டால் ஊதும், வழவழப்பாகும், பிடியை விடும்.

மூன்றாவது, பால். ஆல், அரசு, அத்தி, பலா, மா. இலைக்காம்பு முறிந்தால் வெள்ளையாகச் சொட்டும் ஆலம்பாலும் அரசம்பாலும் காய்ந்ததும் பழுப்பு ரப்பராகிவிடும். மாங்காயைக் காம்போடு பறிக்கும்போது பீச்சியடிக்கும் பால் இன்னும் பொல்லாதது. உதட்டில் பட்டால் புண்ணாகிறது, காயின் தோலில் வடிந்தால் தோல் கறுத்துப் போகிறது. காரின் பெயின்டை மட்டும் அது சும்மா விடுமா? வீட்டு மாமரத்தில் காய் பறிக்கும் நாளில் காரை வெளியே எடுத்துவிடுவது நல்லது. இந்த மூன்றாவது வகைக்குத் தண்ணீர் மட்டும் போதாது.

எது எந்த வகை என்று அடையாளம் தெரியவில்லையா? ஒரு பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் புள்ளியின்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது ஓரம் வெளிறி, விரல்நுனிக்கு வழுக்கினால் சர்க்கரையோ பிசினோதான். எதுவும் மாறாமல், நகத்தால் லேசாக அழுத்தும்போது ரப்பர்போல் அமுங்கினால் பால். அழுத்த மட்டும் செய்யுங்கள், சுரண்டாதீர்கள்.

கொடைக்கானல் போய்வந்து, பைன் காட்டோரம் நிறுத்திய வண்டியின் ரூஃபில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்றால் அது வேறு கதை. வெளிநாட்டு வீடியோக்கள் அப்போதுதான் பொருந்தும். நேராக ஸ்பிரிட் பகுதிக்குப் போய்விடலாம்.

அவசரம் எவ்வளவு?

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கும். பளபளப்பு முழுவதும் அதில்தான். அதன் கனம் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. கத்திரி வெயிலில் கறுப்புக் காரின் பானெட் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும்போது அந்தப் படலம் கொஞ்சம் இளகும், மேலே உள்ள பிசின் இறுகும். இப்படி நாலைந்து வெயில் பட்டால், பிசினை எடுத்த பிறகும் வட்டமாக ஒரு தடம் நின்றுவிடலாம். பூச்சித் துளியை வார இறுதி வரை தள்ளிப்போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாம்பாலையும், சந்தடி சாக்கில் அதே மரத்திலிருந்து விழும் பறவை எச்சத்தையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வாளி, பிஹெச் சமநிலையான கார் ஷாம்பு, நல்ல மைக்ரோஃபைபர் துணிகள் நாலைந்து, கொஞ்சம் பஞ்சு, தேங்காய் எண்ணெய், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் (ஸ்பிரிட் என்று இங்கே சொல்வது இதைத்தான்), ஒரு ஸ்பிரே பாட்டில், மெழுகு பாலிஷ். கிளே பார் என்ற களிமண் கட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். இவற்றில் கார் சாமான்களை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். விலையைப் பேசுங்கள்.

மெக்கானிக் கடை பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் தையலும் இரும்புத் தூளும் இருக்கும். சிக்னலில் விற்கும் மஞ்சத்துணி டேஷ்போர்டு தூசிக்குச் சரி, பெயின்டுக்கு இல்லை. பாத்திரம் கழுவும் லிக்விட், துணி சோப்புத்தூள் இரண்டும் முன்பு போட்டிருந்த மெழுகை அரித்துவிடும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் சென்னையில் பாதிப் பிரச்சினை அதில்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. பிசினை எடுக்கப் போய், காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புத்திட்டு நிற்கும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று வாளியில் பிடித்துக் கார் கழுவும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. எண்ணம் நல்லதுதான், ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. அதை மாடிப்படி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர் வருகிற வீடு என்றால் அதுவே போதும். கடைசி அலசலுக்கு ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் இன்னும் விசேஷம். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் அதில் உப்பு இருக்காது. தூசு இருந்தால் துணியில் வடிகட்டுங்கள். சென்னை ஈரப்பதத்தில் ஒரு ராத்திரியில் அரை வாளியாவது சேர்ந்துவிடும்.

ஹோஸைத் திறந்துவிட்டு ஊற்றவும் தேவையில்லை. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்து, ஒரு டேங்கர் லாரிக்குத் தெருவே காத்திருந்த ஊர் இது. இரண்டு வாளியில் காரியம் முடியும்.

கழுவுதல்

அதிகாலை ஆறரை, ஏழு மணி, இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து அதுவே ஒரு கறையாகும்.

முதலில் வெறும் தண்ணீரைக் குவளையால் மேலிருந்து ஊற்றித் தூசியை இறக்குங்கள். கடற்காற்று அடிக்கிற ஊரில் காய்ந்த வண்டிமேல் துணியை வைத்து இழுப்பது, மணல் தாளை இழுப்பதற்குச் சமம். அப்புறம் ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். துணியை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, அழுக்கை அங்கே விட்டுவிட்டுத் திரும்ப ஷாம்புவுக்கு வாருங்கள். ரூஃபில் ஆரம்பித்து பானெட், டிக்கி, கதவுகள் என்று கீழே இறங்குங்கள், சக்கரம் கடைசி.

அப்பார்ட்மென்டில் காலையில் கார் துடைக்க வருகிற அண்ணனிடம் இந்த வேலையை விடுவதாக இருந்தால் துணியை நீங்களே கொடுங்கள். பாவம், அவருக்கு ஒரு மணி நேரத்தில் பத்து வண்டி முடிக்க வேண்டும். ஒரே வாளி, ஒரே துணி. அதே துணியால் பிசினை அழுத்தித் தேய்த்தால் அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல்கள் விழும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரிவது அதுதான். "அண்ணே, பிசின் இருக்கிற இடத்தை மட்டும் தொடாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டால் அவருக்கும் ஒரு வேலை மிச்சம்.

கழுவி முடித்ததுமே பூச்சித் துளிகளில் பெரும்பாலானவை காணாமல் போயிருக்கும். மிச்சம் நிற்பவைக்குத்தான் அடுத்தது.

ஊறவைத்தல்

இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள், கொதிக்கக் கூடாது. குளிக்கிற சூடு சரி. மைக்ரோஃபைபர் துணியை அதில் முக்கி, லேசாகப் பிழிந்து, பிசின் இருக்கும் இடத்தின் மேல் மடித்துப் போட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம். துணி காய்ந்தால் மறுபடி நனைத்துப் போடுங்கள். கதவு மாதிரி செங்குத்தான இடத்தில் துணி நிற்காது. நனைத்த பஞ்சை ஒட்டிவையுங்கள், ஈரத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

துணியை எடுத்ததும் உற்றுப் பாருங்கள். வேப்பம் பிசின் என்றால் நடுவில் மணி அப்படியே இருக்க, சுற்றிலும் வெளிறிய ஒரு வளையம் தெரியும். அந்த வளையம்தான் இளகிய பகுதி. விரலின் சதையால் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளினால் ஓரம் கழன்று வழுக்கும், நடு இன்னும் நிற்கும். வற்புறுத்தாமல் திரும்பத் துணியைப் போடுங்கள். இரண்டாம், மூன்றாம் ஊறலில் மொத்தமும் கிளம்பி, விரலோடு சறுக்கிக்கொண்டு வரும். வழவழப்பு கொஞ்சம் மிஞ்சினால் ஷாம்புத் துணியால் ஒரு தடவை. அவ்வளவுதான். தேய்க்க வேண்டிய வேலையே இதில் இல்லை.

கட்டியாகத் தடித்து நிற்கும் பிசினை ஐஸ் வைத்து இறுக்கி உடைக்கச் சொல்வார்கள் சிலர். உடைகிறது, உண்மை. உடைந்த சில்லு கண்ணாடித் தூள் மாதிரி கூராக இருக்கும், அதன்மேல் துணியை இழுத்தால் கீறல் நிச்சயம். எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை.

தண்ணீருக்கு மசியாத பால்

பலாப்பழம் நறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுவது எந்த வீட்டிலும் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயம். பாலுக்கு எண்ணெய்தான் எதிரி. காரிலும் அதே விதி. ஆலம்பால், அரசம்பால், பலாப்பால் காய்ந்த இடத்தில் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்து, நிழலில் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். பிறகு அதே பஞ்சால், வட்டமாக இல்லாமல், ஒரே திசையில் மெதுவாக ஒத்தி எடுங்கள். பழுப்பாக நூல்நூலாகத் திரண்டு வரும். ஒவ்வொரு ஒத்தலுக்கும் பஞ்சின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். ரப்பர் போன்ற பாலுக்கு ஸ்பிரிட் அவ்வளவாகப் பிடிக்காது, அதனால் இங்கே எண்ணெயைத் தாண்டிப் போக அவசரப்பட வேண்டாம். எண்ணெயும் பலிக்கவில்லை என்றால் கார் பெயின்டுக்கென்றே விற்கும் தார் நீக்கி கொஞ்சம் போதும். முடிந்ததும் ஷாம்பு போட்டு எண்ணெயை முழுக்க எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் தெருத் தூசி முழுவதும் குடியேறிவிடும்.

மாம்பாலுக்கும் பைன் பிசினுக்கும் ஸ்பிரிட். ஐசோபுரொபைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கதவைத் திறந்தால் தெரியும் உள்ஓரத்தில் ஒரு துளி தடவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். கம்பெனி பெயின்டில் இப்படி வராது. டிங்கரிங் பட்டறையில் மறு பெயின்ட் அடித்த கதவிலோ பம்பரிலோ வரலாம், அதுவும் பழைய வகைப் பெயின்ட் என்றால் ஸ்பிரிட்டுக்குக் கரைந்துவிடும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் எந்தப் பக்கம் எப்போது அடித்தது என்று தெரியாமல் ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகாத வண்டிக்கும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துணிமுனையில் ஸ்பிரிட்டைத் தெளித்து, பிசினின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒத்தி எடுங்கள். பெயின்ட் மேல் நேராக ஊற்ற வேண்டாம், காயவும் விட வேண்டாம். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் ஒரு அலசல். கொரோனா காலத்தில் வாங்கி இன்னும் டேஷ்போர்டில் கிடக்கும் ஜெல் சானிடைசரும் அவசரத்துக்கு உதவும். ஜெல் என்பதால் வழியாமல் நிற்கும். அதிலுள்ள பிசுபிசுப்பை மட்டும் கழுவிவிடுங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிட் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மண்ணெண்ணெய்? வேலை செய்யும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மெழுகை முழுவதும் எடுத்துவிட்டு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், நாற்றம் இரண்டு நாள் போகாது. தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டாம். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றையும் வண்டிப் பக்கமே கொண்டு வராதீர்கள். ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தின்னரோ ரிமூவரோ பட்டால் உள்ளுக்குள் விரிசல் விரிசலாக மங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தடவிப் பார்த்தால் சொரசொரப்பா?

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல்நுனியால் தடவிப் பாருங்கள், வெறும் விரலுக்குப் படாத சொரசொரப்பும் அதில் படும். அப்படிப் பட்டால் கிளே பார். சின்னத் துண்டாகக் கிள்ளி, உள்ளங்கையில் தட்டையாக்கி, பெயின்டில் ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் சரசரவென்று பிடிக்கும், பிறகு சத்தமில்லாமல் வழுக்கும். வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. களிமண்ணை மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். தரையில் விழுந்துவிட்டால் காசைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள், ஒரே ஒரு மணல் போதும்.

ஸ்பிரிட்டும் களிமண்ணும் பட்ட இடத்தில் பழைய மெழுகு இருக்காது. அன்றைக்கே காயவைத்து மெழுகு போடுங்கள். மெல்லிய படலம், மங்கியதும் துடைத்தெடுப்பது. சென்னை வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் அடுத்த முறை பிசின் விழும்போது பாதி வேலைதான் இருக்கும். செராமிக் கோட்டிங் போட்ட வண்டியில் எதுவும் ஒட்டாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒட்டும். எடுப்பது சுலபம், அவ்வளவே.

எல்லாம் செய்தும் வட்டமாகத் தடம் நிற்கிறதா? நகநுனியை அதன் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் ஓடினால் மேலோட்டம், டீடெய்லிங் கடையில் மெஷின் பாலிஷில் போய்விடும். அந்த ஒரு பானெட்டுக்கு மட்டும் போதும் என்று கறாராகக் கேளுங்கள், முழு வண்டி பேக்கேஜ் ஒன்றை நீட்டுவார்கள். நகம் தட்டினால் கிளியர் கோட் அரித்துவிட்டது. அதைக் கையால் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் மங்கல்தான் மிஞ்சும். பெயின்ட் வேலை தெரிந்தவர் பார்க்கட்டும்.

கண்ணாடி, வைப்பர், மற்றவை

கண்ணாடி தடிமனான தோல்காரன், அதற்கு ஸ்பிரிட் தாராளமாகப் போடலாம். தடித்த பிசினை நன்றாக நனைத்துப் புது பிளேடைப் படுக்கை வாக்கில் வைத்துக்கூட வழிக்கலாம். சன் ஃபிலிம் ஒட்டிய உள்பக்கத்திலும், பின் கண்ணாடியின் உள்பக்கச் சூட்டுக்கம்பிகளிலும் பிளேடு கூடாது. வைப்பர் ரப்பரின் ஓரத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுங்கள், கறுப்பாக வரும். இதைச் செய்யாமல் கண்ணாடியை மட்டும் துடைத்தால் மறுநாள் அதே இழுவல்தான். பானெட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்திருக்கும் வேப்பிலையையும் பூவையும் கையோடு அள்ளிவிடுங்கள். அங்கே வடிகால் அடைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் காருக்குள் இறங்கப் பார்க்கும்.

மறுபடி விழாமல்

துணிக் கவர் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். மரத்தடியில் அது அரைகுறை வைத்தியம்தான். பூச்சித் துளி துணியில் ஊறி, வெயிலில் காய்ந்து, கவரே பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். தூசியோடு இருக்கும் வண்டிமேல் கவரைப் போட்டால், காற்றில் அது அசையும் ஒவ்வொரு அசைவும் ஒரு உரசல். போடுவதென்றால் கழுவிய வண்டிக்குப் போடுங்கள், கவரையும் அவ்வப்போது துவையுங்கள்.

இடம் மாற்றுவதுதான் கைகண்ட வழி. மாமரத்தடியைத் தை முதல் பங்குனி வரையாவது தவிருங்கள், தூங்குமூஞ்சியடியைக் கோடையில். நிறுத்தும் முன் தரையைப் பாருங்கள்: சிமென்ட் தரை கறுத்துப் பிசுபிசுத்து, செருப்பு ஒட்டினால் அந்த நிழல் நமக்கு வேண்டாம், பத்தடி தள்ளி நிறுத்துங்கள்.

தெரு மரத்தின் கிளையை நாமே ஆள் வைத்து வெட்டக் கூடாது, அது மாநகராட்சியின் மரம். கிளை நிஜமாகவே தொந்தரவாக இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். அவர்கள் வந்து வெட்டிப் போன மரம் வேம்பு என்றால், வெட்டுவாய் காயும் வரை சில வாரங்களுக்கு வண்டியை அதன் கீழே விடாதீர்கள்.